சிறுநீர்ப்பைக் கட்டி: தண்டை வெட்டுவது பாதி, வேரை அறிவது மீதி

கொங்குப் பக்கத்துப் பழைய கிணறுகளை எட்டிப் பார்த்தால் கற்கட்டின் இடுக்கில் எங்காவது ஓர் அரசங்கன்று முளைத்திருக்கும். அதன் இலையையும் தண்டையும் அரிவாளால் சீவிவிட அதிக நேரம் ஆகாது. ஆனால் தோட்டத்துக்காரர் கவலைப்படுவது வேரைப் பற்றி. வேர் கல்லிடுக்கோடு நின்றிருந்தால் கன்றைப் பிடுங்கிவிட்டுப் போகலாம். கட்டைத் துளைத்து அந்தப் பக்கத்து மண்ணுக்குள் இறங்கியிருந்தால் அந்த இடத்துக் கட்டையே பிரித்தாக வேண்டும்.

சிறுநீர்ப்பைக் கட்டிக்கான, அதாவது சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கான, அறுவை சிகிச்சைகள் எல்லாமே இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நிற்கின்றன. கட்டி எவ்வளவு பெரியது என்பதைவிட, பையின் சுவரில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதுதான் சிகிச்சையைத் தீர்மானிக்கும். எலுமிச்சை அளவுக் கட்டி மேலோட்டமாக இருக்கலாம். நிலக்கடலை அளவுக் கட்டி தசைக்குள் இறங்கியிருக்கலாம். ஸ்கேன் படத்தை வைத்து இதை உறுதியாகச் சொல்ல முடியாது. வெட்டி எடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதனால் முதல் அறுவை சிகிச்சை, கட்டியை அகற்றும் சிகிச்சையாகவும் கட்டி எந்த நிலையில் இருக்கிறது என்று கண்டறியும் சோதனையாகவும் ஒரே நேரத்தில் அமைகிறது.

சிவப்பாகப் போனால்

இந்தக் கட்டியின் முதல் அடையாளம் பெரும்பாலும் வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போவது. ஒரு நாள் போகும், பிறகு இரண்டு மாதம் எதுவும் இருக்காது. "சூடு புடிச்சிருக்குதுங்க" என்று இளநீரும் வெந்தயமும் பார்லித் தண்ணியும் குடிப்பார்கள். ரத்தம் தானாக நிற்கும். இளநீர்தான் நிறுத்தியது என்று நம்பி அதோடு விட்டுவிடுவார்கள். கட்டியின் மேற்பரப்பிலிருந்து வரும் ரத்தம் விட்டு விட்டு வருவதுதான் இயல்பு. நின்றதற்கும் இளநீருக்கும் தொடர்பில்லை. பெண்களுக்கு இன்னும் தாமதமாகிறது. நீர்க்கடுப்பு என்று சொல்லி மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் மாற்றி மாற்றி வாங்கிச் சாப்பிட்டே பல மாதங்கள் ஓடிவிடும். நாற்பது வயதைத் தாண்டியவருக்குக் கண்ணுக்குத் தெரியும்படி ஒரே ஒரு முறை ரத்தம் போனாலும் வயிற்று ஸ்கேனும், சிறுநீர்த் துவாரம் வழியே கேமரா விட்டுப் பைக்குள் பார்க்கும் சிஸ்டோஸ்கோபியும் செய்ய வேண்டும். கல்லடைப்பு அதிகம் உள்ள ஊர் நம்முடையது. ஸ்கேனில் ஒரு கல் தெரிந்துவிட்டால் ரத்தத்துக்கு அதுவே காரணம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது.

காரணங்களில் முதலிடம் புகைக்கு. பீடியோ சிகரெட்டோ, புகையிலுள்ள நச்சு நுரையீரல் வழியாக ரத்தத்துக்குப் போகிறது. சிறுநீரகம் அதை வடிகட்டிச் சிறுநீரில் சேர்க்கிறது. அந்தச் சிறுநீர் மணிக்கணக்கில் பைக்குள் தங்குகிறது. அடுத்த காரணம் சாயம். 1895-இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத்து அறுவை மருத்துவர் லூட்விக் ரேன், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பைக் கட்டி வருவதை முதன்முதலில் எடுத்துச் சொன்னார். பென்சிடின், பீட்டா நாஃப்தைலமின் போன்ற அமின்கள்தான் குற்றவாளிகள் என்பது பிறகு தெளிவானது. திருப்பூரில் ஏற்றுமதி செய்பவர்கள் 'அசோ ஃப்ரீ' என்று சோதனைச் சான்று வாங்குவது இந்த அமின்கள் துணியில் இல்லை என்று காட்டத்தான். இத்தகைய அமின்களை உண்டாக்கும் சாயங்களை இந்தியா 1997-இல் தடை செய்தது. ஆனால் நச்சு உடம்பில் பட்டதற்கும் கட்டி தெரிவதற்கும் நடுவே 20, 30 ஆண்டுகள் ஓடிவிடலாம். இளவயதில் சாயப்பட்டறையிலோ பிரிண்டிங்கிலோ தோல் ஷாப்பிலோ வேலை பார்த்திருந்தால், இப்போது தோட்டம் பார்த்துக்கொண்டிருந்தாலும், டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.

சுவரின் அடுக்குகள்

சிறுநீர்ப்பை 400 முதல் 500 மில்லி வரை பிடிக்கும் ஒரு தசைப் பை. நிரம்பி விரிந்த நிலையில் சுவரின் கனம் சுமார் 3 மில்லிமீட்டர்தான். அந்த 3 மில்லிமீட்டருக்குள் மூன்று அடுக்குகள் உண்டு. உள்ளே சிறுநீர் படும் மெல்லிய உறை. அதன் கீழே ரத்தக் குழாய்கள் ஓடும் இணைப்புத் திசு, ரிப்போர்ட்டில் 'லாமினா ப்ரோப்ரியா' என்று வரும். அதற்கும் கீழே கனமான தசை, இதை 'டெட்ரூசர்' என்றோ 'மஸ்குலாரிஸ் ப்ரோப்ரியா' என்றோ எழுதுவார்கள். தசைக்கு வெளியே கொழுப்பு.

கட்டி உள்ளுறையோடு நின்றால் டி-ஏ. இணைப்புத் திசுவுக்குள் இறங்கினால் டி-1. தசைக்குள் நுழைந்தால் டி-2. வெளிக் கொழுப்பை எட்டினால் டி-3, பக்கத்து உறுப்புகளைப் பிடித்தால் டி-4. சி.ஐ.எஸ். என்று தனியாக ஒன்று இருக்கிறது. அது மேடாக வளராமல் உறை மீது தட்டையாகப் படர்ந்திருக்கும், ஆனால் குணம் மூர்க்கமானது. உலகக் கணக்கில், புதிதாகக் கண்டறியப்படும் 4 பேரில் ஏறக்குறைய 3 பேருக்குக் கட்டி தசையைத் தொட்டிருக்காது. டி-1-க்கும் டி-2-க்கும் நடுவில் இருக்கும் கோடுதான் பையை வைத்துக்கொள்வதா எடுப்பதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அந்தக் கோடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது.

சிறுநீர்த் துவாரம் வழியே

முதல் அறுவை சிகிச்சைக்கு டி.யு.ஆர்.பி.டி. என்று பெயர். வயிற்றைக் கிழிக்காமல் சிறுநீர் வரும் வழியிலேயே கருவியை நுழைத்துக் கட்டியைச் சீவி எடுப்பது. ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை ஆஸ்பத்திரியில் இருந்தால் போதும் என்பதால் சின்ன ஆபரேஷன் என்று நினைத்துவிடுகிறார்கள். நோயாளியின் அடுத்த பத்து ஆண்டுகளை இதைப் போலத் தீர்மானிக்கும் ஆபரேஷன் வேறில்லை.

போவதற்கு முன் சிறுநீர் கல்ச்சர் பார்த்து, கிருமி இருந்தால் அதைக் குணப்படுத்த வேண்டும். தொற்றோடு வெட்டினால் கிருமி ரத்தத்தில் கலந்து குளிர் காய்ச்சல் வரும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள், ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். குளோபிடோக்ரெல் போன்றவற்றை வழக்கமாக 5 நாள் முன்பே நிறுத்துவார்கள். ஆனால் இதய டாக்டரைக் கேட்காமல் தானாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்வார்கள், அல்லது முழு மயக்கம் கொடுப்பார்கள். கால்களைத் தூக்கிக் கட்டிய பிறகு, கருவியைத் தொடும் முன்பே ஒரு கையை அடிவயிற்றின் மேலும் மற்றொரு கையின் விரலை ஆசனவாயிலோ பெண்ணுறுப்பிலோ வைத்துப் பையை அழுத்திப் பார்ப்பது முறை. கையில் கெட்டியாக ஏதாவது தட்டுப்படுகிறதா, அது அசைகிறதா, இடுப்பெலும்போடு ஒட்டிப்போயிருக்கிறதா? கட்டியை எடுத்த பிறகும் இதே சோதனையை மறுபடி செய்வார்கள். எடுத்த பிறகும் கெட்டி மிச்சம் இருந்தால் நோய் சுவரைத் தாண்டியிருக்கும் என்று சந்தேகிக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. எவ்வளவு நல்ல ஸ்கேன் வந்தாலும் இதைத் தவிர்க்கக் கூடாது.

பிறகு சிஸ்டோஸ்கோப். 30 டிகிரி, 70 டிகிரி லென்ஸ்களால் பை முழுவதையும் சுற்றிப் பார்த்து, எத்தனை கட்டி, எந்தச் சுவரில், எவ்வளவு பெரிது, தண்டு போலத் தொங்குகிறதா அடியோடு உட்கார்ந்திருக்கிறதா, சிறுநீரகக் குழாய்கள் திறக்கும் இரண்டு வாய்களுக்கும் எவ்வளவு தூரம் என்று குறித்துக்கொள்வார்கள். ஒரு வட்டப் படம் வரைந்து அதில் புள்ளி வைத்துக் காட்டுவது நல்ல பழக்கம். அடுத்த முறை பார்ப்பவருக்கு அந்தப் படம்தான் வழிகாட்டி.

வெட்டும் கருவி ரிசெக்டோஸ்கோப். வழக்கமான அளவு 26 பிரெஞ்சு, அதாவது குறுக்களவு எட்டரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். உள்ளே கேமரா, விளக்கு, தண்ணீர் போக வழி, முனையில் அரைவட்ட வளையக் கம்பி. கம்பியில் மின்சாரம் பாயும்போது அது சதையை வெண்ணெய் போலச் சீவும். வெட்டுவதற்கு ஒரு வகை மின்சாரம், ரத்தத்தை அடைப்பதற்கு இன்னொரு வகை. இரண்டுக்கும் தனித்தனிக் கால்மிதிகள்.

பை விரிந்திருக்கத் திரவம் ஓடிக்கொண்டே இருக்கும். பழைய மோனோபோலார் கருவிக்கு உப்பில்லாத திரவம்தான் ஆகும். 1.5 சதவீத கிளைசின் வழக்கம். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்திவிடுவதால் அதில் இந்தக் கருவி வெட்டாது. புதிய பைபோலார் கருவி நார்மல் சலைன் எனப்படும் உப்பு நீரிலேயே வேலை செய்யும். கிளைசின் அதிகம் ரத்தத்துக்குள் போனால் சோடியம் இறங்கிக் குழப்பமும் வாந்தியும் வலிப்பும் வரலாம். சலைனில் அந்தத் தொல்லை இல்லை. நீளும் ஆபரேஷன்களில் பைபோலார் இருப்பது நல்லது. பையை முழுக்க நிரப்பாமல் பாதி அளவில் வைப்பார்கள். அதிகமாக நிரப்பினால் சுவர் மெலிந்து ஓட்டை விழச் சுலபம், குறைவாக நிரப்பினால் மடிப்புகளுக்குள் கட்டி ஒளிந்துகொள்ளும்.

வெட்டும் முறை கட்டியின் அளவைப் பொறுத்தது. ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் கட்டியையும் அதன் அடிச்சுவரையும் சேர்த்து ஒரே சீவலில் எடுத்துவிடலாம். பெரிதாக இருந்தால் மூன்று கட்டம். முதலில் பைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைத் துண்டு துண்டாகச் சீவுவது. இரண்டாவது, கட்டி உட்கார்ந்திருந்த அடிப்பகுதியிலிருந்து தசை வரும்வரை எடுப்பது. மூன்றாவது, சுற்றியுள்ள ஓரங்களிலிருந்து எடுப்பது. இந்த மூன்றையும் தனித்தனி டப்பாவில் போட்டுத் தனித்தனி லேபிள் ஒட்டி அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டினால், எந்தத் துண்டு அடியிலிருந்து வந்தது என்று, சதையை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் பெத்தாலஜி டாக்டர் ஊகிக்கத்தான் முடியும்.

உள்ளே பார்க்கும்போது அடுக்குகளின் நிறமும் வடிவும் மாறும். கட்டி, கடல்பாசி போல மென்மையாக அசையும். தசை வந்துவிட்டால் இழை இழையாக, குறுக்கும் நெடுக்குமாக நார் ஓடுவது தெரியும். அங்கே நிறுத்த வேண்டும். பளபளவென்று மஞ்சள் தெரிந்தால் அது கொழுப்பு, சுவரைத் தாண்டிவிட்டோம் என்று அர்த்தம். நாருக்கும் மஞ்சளுக்கும் நடுவே உள்ள அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டரில்தான் கைத்திறன் இருக்கிறது. பயந்து மேலோட்டமாக நிறுத்தினால் ரிப்போர்ட்டில் தசை வராது. அவசரப்பட்டு ஆழம் போனால் ஓட்டை விழும்.

எடுத்த துண்டுகளை எலிக் எனப்படும் குமிழால் உறிஞ்சி வெளியேற்றி, வெட்டிய பள்ளத்தின் அடியையும் ஓரங்களையும் சுட்டு ரத்தத்தை நிறுத்தி, 20 முதல் 24 பிரெஞ்சு அளவில் மூன்று வழிக் கத்தீட்டர் (சிறுநீர் வடிக்கும் குழாய்) வைத்து முடிப்பார்கள். ஒரு வழியில் சலைன் உள்ளே போகும், ஒரு வழியில் வெளியே வரும், மூன்றாவது வழி உள்ளே பலூனை உப்ப வைக்க. சிறிய கட்டிக்கு அரை மணி நேரம், பெரிதுக்கு ஒரு மணிக்கு மேலும் ஆகும்.

இடத்துக்கு இடம் ஆபத்து மாறும். பையின் பக்கவாட்டுச் சுவரை ஒட்டி அப்டுரேட்டர் நரம்பு ஓடுகிறது. கம்பியின் மின்சாரம் அதைத் தொட்டால் தொடைத் தசை திடீரெனச் சுண்டி இழுத்து, கால் உதைக்கும். கம்பி உள்ளே இருக்கும்போது உடம்பு அப்படிக் குலுங்கினால் சுவர் கிழிந்துவிடும். முதுகில் ஊசி போட்டு மரத்திருந்தாலும் இது நடக்கும். ஊசி வேலை செய்வது முதுகுத்தண்டு மட்டத்தில், மின்சாரம் தூண்டுவது அதற்குக் கீழே நரம்பையே நேரடியாக. பக்கவாட்டுக் கட்டி என்று தெரிந்தால் கவட்டியில் அந்த நரம்புக்குத் தனியாக மரப்பு ஊசி போடலாம், அல்லது தசையைத் தளர்த்தும் மருந்தோடு முழு மயக்கம் கொடுக்கலாம். இந்தக் கேள்வியை மயக்க டாக்டரிடம் முந்தின நாளே கேட்கலாம்.

பையின் உச்சியில் கட்டி இருந்தால் கம்பி எட்டாது. அடிவயிற்றை வெளியிலிருந்து அழுத்திச் சுவரைக் கீழே இறக்குவார்கள். உச்சிக்கு அந்தப் பக்கம் குடல் இருப்பதால் அங்கே விழும் ஓட்டை மோசமானது. சுடும்போது உண்டாகும் வாயுவும் உச்சியில்தான் தேங்கும். ஹைட்ரஜன் கலந்த அந்த வாயு தீப்பொறி பட்டால் உள்ளுக்குள் வெடிக்கலாம். அரிதுதான், ஆனால் அவ்வப்போது வாயுவை வெளியேற்றிவிட வேண்டும். சிறுநீரகக் குழாயின் வாயிலேயே கட்டி இருந்தால் வெட்டலாம், சுடக் கூடாது. சுட்டால் வாய் வடுப்பட்டுச் சுருங்கி, சிறுநீரகம் வீங்கும். பையிலிருந்து பிதுங்கிய டைவர்டிகுலம் என்னும் பக்கப் பைக்குச் சுவரில் தசையே இல்லாததால், அதற்குள் இருக்கும் கட்டியை ஆழமாக வெட்டவே கூடாது.

ஓட்டை விழுந்துவிட்டால்? வயிற்றறைக்கு வெளியே என்றால் கத்தீட்டரை ஒரு வாரம், பத்து நாள் கூடுதலாக வைத்தால் பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும். வயிற்றறைக்குள் திறந்திருந்தால் வயிற்றைத் திறந்தோ லேப்ராஸ்கோப்பிலோ தைக்க வேண்டிவரலாம். உள்ளே விட்ட திரவத்தின் அளவு வெளியே வராமல் போவது, வயிறு உப்புவது, விழித்திருக்கும் நோயாளி தோள்பட்டை வலிக்கிறது என்பது, இவைதான் முதல் அடையாளங்கள்.

கிணற்றுத் தண்ணீரில் மிதக்கும் விதைகள்

கன்றை வெட்டும்போது விதை உதிர்ந்து தண்ணீரில் மிதந்து வேறு இடுக்கில் ஒட்டிக்கொள்வதைப் போல, வெட்டும்போது உதிரும் கட்டி அணுக்கள் பையின் மற்ற இடங்களில், குறிப்பாக வெட்டுக்காயத்தில் ஒட்டி முளைக்கலாம். அதைத் தடுக்க ஆபரேஷன் முடிந்த 24 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் 6 மணிக்குள், ஒரே ஒரு முறை மைட்டோமைசின் என்னும் புற்றுநோய் மருந்தின் 40 மில்லிகிராம் கரைசலைக் கத்தீட்டர் வழியாக விட்டு ஒரு மணி நேரம் போல அடைத்து வைப்பார்கள். 2 கிராம் ஜெம்சிட்டபினை 100 மில்லி சலைனில் கரைத்து விடும் முறையும் உண்டு. மேலோட்டமான, அபாயம் குறைந்த கட்டிகளுக்கு இதனால் நல்ல பயன். ஆனால் ஓட்டை விழுந்திருந்தாலோ ரத்தம் அதிகம் போய்க்கொண்டிருந்தாலோ கொடுக்கவே கூடாது. மருந்து பைக்கு வெளியே கசிந்தால் சுற்றியுள்ள சதையைப் புண்ணாக்கிவிடும்.

டப்பாவும் ரிப்போர்ட்டும்

பல ஆஸ்பத்திரிகளில் வெட்டிய சதை டப்பாவை உறவினர் கையில் கொடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். டப்பாவில் இருப்பது ஃபார்மலினா என்று கேளுங்கள். சலைனில் போட்டால் சதை அழுகிவிடும். திரவம் சதையைப் போலப் பத்து மடங்கு இருக்க வேண்டும். ஒவ்வொரு டப்பாவிலும் பெயர், வயது, எடுத்த இடம் எழுதியிருக்க வேண்டும்.

ரிப்போர்ட் வந்ததும் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். லோ கிரேடா ஹை கிரேடா என்பது கட்டியின் குணம். லாமினா ப்ரோப்ரியாவுக்குள் இறங்கியிருக்கிறதா என்பது ஆழம். மூன்றாவதைத்தான் பலர் பார்ப்பதில்லை: தசை மாதிரியில் இருக்கிறதா, இருந்தால் அதில் கட்டி உண்டா? 'தசையில் கட்டி இல்லை' என்பது நிம்மதி தரும் சேதி. 'மாதிரியில் தசையே இல்லை' என்பது முற்றிலும் வேறு. வேரைப் பார்க்கவே இல்லை என்று அதற்கு அர்த்தம். இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டு மூன்று மாதம் கழித்து வருபவர்களுக்குத்தான் நோய் கை மீறிப்போகிறது. அதிகம் சுட்டுக் கருகிய துண்டுகளிலும் அடுக்கு தெரியாது. பெத்தாலஜி டாக்டர் அதை 'காட்டரி ஆர்டிஃபாக்ட்' என்று எழுதுவார்.

மெழுகு பிளாக்கையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் லேபிலிருந்து வாங்கி வேறு ஆஸ்பத்திரியில் மறுபடி படிக்கக் கொடுக்கலாம். ஹை கிரேடு என்றாலோ பையை எடுக்க வேண்டும் என்று சொன்னாலோ அப்படி ஒரு முறை செய்துவிடுவது நல்லது.

மறுபடி ஏன்?

டி-1 என்று வந்தாலும், முதல் முறை முழுதாக எடுக்க முடியவில்லை என்றாலும், தசை மாதிரியில் இல்லை என்றாலும் 2 முதல் 6 வாரத்துக்குள் அதே இடத்தில் மறுபடி டி.யு.ஆர்.பி.டி. செய்ய வேண்டும். டி-ஏ லோ கிரேடு மட்டும் தசை இல்லாவிட்டாலும் விதிவிலக்கு. "மொதல்லயே ஒழுங்கா எடுத்திருக்கலாமில்லீங்களா?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் டி-1 கட்டிகளில் நன்றாக எடுத்த பிறகும் மூன்றில் ஒருவருக்காவது மிச்சம் இருப்பது மறுமுறை பார்க்கும்போதுதான் தெரிகிறது. சிலருக்குத் தசைக்குள் போயிருப்பதும் அப்போதுதான் வெளிப்படுகிறது. இரண்டாவது முறை செய்யச் சொல்லும் டாக்டர் விதிமுறைப்படி நடக்கிறார். டி-1 ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவது முறை தேவையில்லை என்று யாராவது சொன்னால், காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

துண்டு துண்டாகச் சீவுவதில் உள்ள குறையைச் சரிசெய்ய வந்தது 'என் பிளாக்' (en bloc) முறை. கட்டியைச் சுற்றி 5 முதல் 10 மில்லிமீட்டர் ஓரம் விட்டு வட்டமாகக் கீறி, தசை மட்டத்தில் கீழிருந்து பிரித்து, முழுசாக ஒரே துண்டாக எடுப்பது, மரக்கன்றை வேர்மண்ணோடு பெயர்ப்பது மாதிரி. ஓரமும் அடியும் பெத்தாலஜி டாக்டருக்குத் தெளிவாகத் தெரியும். ஹோல்மியம், தூலியம் லேசர்களிலும் இதைச் செய்கிறார்கள். லேசரில் மின்சாரம் இல்லாததால் கால் உதைக்கும் பயம் இல்லை. சுமார் 3 சென்டிமீட்டர் வரையான கட்டிகளுக்கு இது ஏற்றது. அதற்கு மேல் பெரிதானால் துண்டை வெளியே எடுக்க வழி போதாது. கருவி புதிதென்பதற்காகத் தேடி ஓட வேண்டியதில்லை. பொறுமையாக மூன்று கட்டமாகச் செய்யப்பட்ட சாதாரண டி.யு.ஆர்.பி.டி., அவசரமாகச் செய்த லேசரைவிட மேல்.

வீட்டுக்கு வந்தபின் சில நாள் சிறுநீர் ரோஸ் நிறத்தில் போகும். பத்துப் பதினைந்து நாள் கழித்து உள்ளே பக்கு உதிரும்போது மறுபடி ஒருமுறை சிவப்பாகலாம். தண்ணீர் அதிகம் குடித்தால் தெளிந்துவிடும். கட்டி கட்டியாக ரத்தம் வந்து சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ குளிர் காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காமல் போக வேண்டும். இரண்டு மூன்று வாரம் தண்ணிக்குடம், மூட்டை தூக்குவது, முக்கி மலம் கழிப்பது எதுவும் வேண்டாம். கரட்டுப் பாதையில் டூவீலரும் வேண்டாம்.

தசையைத் தொடாத, ஆனால் அபாயம் கூடிய கட்டிகளுக்கு அடுத்த கட்டம் பி.சி.ஜி. குழந்தைக்குப் போடும் அதே காசநோய்த் தடுப்பூசிக் கிருமியைப் பைக்குள் விடுவது. 1976-இல் கனடாவில் அல்வரோ மொராலெஸ் இதை முதலில் வெளியிட்டார். வாரம் ஒன்றாக 6 முறை, பிறகு விட்டு விட்டு ஒன்று முதல் மூன்று ஆண்டுகள். காயம் ஆறக் குறைந்தது இரண்டு வாரமாவது விட வேண்டும். ரத்தம் போகும்போது விட்டால் உயிருள்ள கிருமி ரத்தத்தில் கலந்துவிடும்.

பையையே எடுக்க வேண்டி வந்தால்

டி-2 என்று உறுதியானால், வெட்டி எடுத்தது போதாது. சிறுநீரகம் நன்றாக வேலை செய்பவர்களுக்கு முதலில் சிஸ்பிளாட்டின் சேர்ந்த கீமோ 3 அல்லது 4 சுற்று, பிறகு ராடிக்கல் சிஸ்டெக்டமி, அதாவது பையையே முழுதாக எடுக்கும் ஆபரேஷன். கீமோ இல்லையென்றால் கண்டறிந்த மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன் நடந்துவிட வேண்டும். ஆடி முடியட்டும், அறுப்பு முடியட்டும், பிள்ளை கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடுவதில் உயிர் போகிறது.

ஆண்களுக்குப் பையோடு ப்ராஸ்டேட்டும் விந்துப் பைகளும், பெண்களுக்கு வழக்கமாகக் கருப்பையும் சேர்த்து எடுக்கப்படும். இரண்டு பக்கமும் நிணநீர்க் கழலைகளையும் எடுப்பது கட்டாயம். பல மணி நேர ஆபரேஷன் இது. தொண்ணூறு நாளுக்குள் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஏதாவது ஒரு சிக்கல் வரும். குடல் அசையாமல் நின்றுபோவதும் தொற்றும்தான் அதிகம். ரோபோ மூலம் செய்தால் ரத்த இழப்பு குறைகிறது. நோயைக் கட்டுப்படுத்துவதில் திறந்த ஆபரேஷனுக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. கருவியைவிட, அந்தக் குழு ஆண்டுக்கு எத்தனை செய்கிறது என்பதைக் கேளுங்கள்.

சிறுநீர் இனி எங்கே போகும் என்பது அடுத்த கேள்வி. பரவலானது இலியல் காண்டூட். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் துண்டைப் பிரித்து, இரண்டு சிறுநீரகக் குழாய்களையும் அதன் ஒரு முனையில் தைத்து, மறுமுனையை வயிற்றின் வலப்பக்கம் வெளியே கொண்டுவருவது. 1950-இல் அமெரிக்காவின் யூஜின் பிரிக்கர் பரவலாக்கிய முறை. வெளியே ஒரு பை ஒட்டியிருக்கும். அதன் இடத்தை ஆபரேஷனுக்கு முன்பே, உட்கார வைத்தும் நிற்க வைத்தும் படுக்க வைத்தும் பார்த்துப் பேனாவால் குறிக்க வேண்டும். நம் ஊரில் இதில் கூடுதல் கவனம் தேவை. வேட்டி கட்டும் இடுப்புக் கோட்டிலோ உள்பாவாடை நாடா இறுகும் இடத்திலோ அது வந்துவிட்டால் பை நிற்காது, கசியும், தோல் புண்ணாகும். போகும்போது வழக்கமாகக் கட்டும் உடையோடு போய், எங்கே இறுக்கிக் கட்டுவீர்கள் என்று காட்டுங்கள்.

வெளியே பை வேண்டாம் என்பவர்களுக்கு நியோபிளாடர். 50, 60 சென்டிமீட்டர் சிறுகுடலைக் கிழித்து விரித்து உருண்டைப் பையாகத் தைத்து, பழைய சிறுநீர்த் துவாரத்தோடு இணைப்பது. சுவிட்சர்லாந்தின் ஊர்ஸ் ஸ்டூடர் வடிவமைத்த முறை பரவலாகச் செய்யப்படுகிறது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் உழைப்பு வேண்டும். குடலுக்கு நிரம்பிய உணர்வு தெரியாது. ஆரம்பத்தில் இரண்டு மூன்று மணிக்கொருமுறை, இரவிலும் அலாரம் வைத்து எழுந்து, வயிற்றை முக்கிச் சிறுநீர் கழிக்கப் பழக வேண்டும். குடல் சளி சுரப்பதால் கத்தீட்டர் உள்ள நாட்களில் சலைனால் கழுவ வேண்டும். சிலருக்குத் தாங்களே கத்தீட்டர் போட்டு எடுக்க வேண்டிவரும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், சிறுநீர்த் துவாரத்தில் கட்டி பரவியவர்களுக்கும் இது கூடாது. தனியாக இருக்கும் எழுபத்தைந்து வயதுக்காரருக்குக் காண்டூட்டே நிம்மதியான வாழ்க்கை தரும் என்பதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். இரண்டிலும் பி-12 குறைவும் ரத்தத்தில் அமிலம் கூடுவதும் வரலாம் என்பதால் ரத்தப் பரிசோதனை தொடரும்.

பையைக் காப்பாற்ற வழியே இல்லையா? தேர்ந்தெடுத்த சிலருக்கு உண்டு. ஒரே கட்டி, முழுதாகச் சீவி எடுக்க முடிந்தது, சிறுநீரகம் வீங்கவில்லை, சி.ஐ.எஸ். படரவில்லை என்றால், டி.யு.ஆர்.பி.டி.-யோடு கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்துப் பையை வைத்துக்கொள்ளலாம். பையின் உச்சியில் தனியாக ஒரே கட்டி இருக்கும் சிலருக்கு அந்தப் பகுதியை மட்டும் வெட்டித் தைப்பதும் உண்டு. எவருக்குப் பொருந்தும் என்பதை யூரோ டாக்டரும் கதிர்வீச்சு டாக்டரும் சேர்ந்து சொல்ல வேண்டும்.

கோவை, சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கான துறைகள் இருக்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. சேர்வதற்கு முன்பே காப்பீட்டு மேசையில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பை உள்ளே இருக்கும்வரை கட்டி திரும்ப வரலாம். அதனால் முதல் சிஸ்டோஸ்கோபி சரியாக மூன்றாவது மாதம். அபாயம் குறைந்தவர்களுக்கு அதன்பின் ஓராண்டு முடிவில், பிறகு ஆண்டுக்கொருமுறை. அபாயம் கூடியவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் வரை மூன்று மாதத்துக்கொருமுறை, ஐந்து ஆண்டுகள் வரை ஆறு மாதத்துக்கொருமுறை, பிறகு ஆண்டுதோறும். ஸ்கேன் பார்த்துவிட்டோம் என்று இதை விடக் கூடாது, தட்டையான சி.ஐ.எஸ். ஸ்கேனில் தெரியாது. ஒவ்வொரு முறையும் கட்டிகள் இருந்த இடத்தைக் குறித்த அந்த வட்டப் படத்தையும், தசை வரி உள்ள பழைய ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைலில் வைத்து எடுத்துப் போங்கள்.